‘நீர்’ யாருக்கு, ‘நீ’ யாருக்கு? சேகர கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேகர கமிட்டியாருக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பிமாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

இதை முதலில் நம் சபையை நிர்வகிக்கிற சேகர கமிட்டிக்குத் தனிக் கடிதமாகத்தான் கொடுத்தேன். மூன்று மாதம் ஆகிறது. “பரிசீலனையில இருக்கு சார்வாள்” என்று இரண்டு தடவை வாய்மொழியாகப் பதில் வந்தது. பரிசீலிக்கிறதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே எல்லாரும் படிக்கிறபடி இப்போது எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் கோயில் பெயரையும் விட்டுவிட்டேன். விட்டாலும் என்ன, தென்மாவட்டத்தில் இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் தங்கள் கோயிலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைக்கப் போகிறார்கள்.

போன அசனப் பண்டிகையன்று, சபை முழுதும் கூடிச் சாப்பிடுகிற அந்த நாளில், நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

அன்று அதிகாலை நாலரைக்கு முதல் மணி அடித்தவர், கோயிலைத் திறந்து மூடிக் கவனிக்கிற நம் கோயில்குட்டியார். வயது 67, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மணியடித்து, பெஞ்சுகளைத் துடைத்து, பின்னால் பாய் விரித்து, அடுப்படிக்கு விறகு சுமந்து, பெண்கள் கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முடிக்கையில் மணி பத்தாகிவிட்டது. பதினோரு மணிக்குப் பந்தலில் மைக் கரகரவென்று இழுத்தது. வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன், கல்லூரியில் இரண்டாம் வருடம், நல்ல பையன், ஞாயிறு பள்ளியில் என்னிடம் வசனம் ஒப்பித்தவன், மேடையில் நின்று அந்த மைக்கிலேயே கூப்பிட்டான்: “ஏ குட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? இந்த ஒயர வந்து பாரு.”

பந்தலில் எப்படியும் 800 பேர் இருந்திருப்போம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நானும்தான். அவர் கையிலிருந்த வாளியை இறக்கி வைத்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “இந்தா வாரேங்க தம்பி” என்று ஓடி வந்தார். 20 வயதுப் பையனுக்கு ‘வாரேங்க’. 67 வயதுக்காரருக்குத் ‘தொலைஞ்ச’.

பத்து நிமிடம் கழித்து, அவர் சரிசெய்து கொடுத்த அதே மைக்கில், சுற்றுச்சுவர் கட்டப் பணம் கொடுத்த ஒப்பந்தக்காரருக்கு வரவேற்பு. “மரியாதைக்குரிய”, “பெருமதிப்பிற்குரிய”, “உள்ளங்கவர்ந்த” என்று அடைமொழி மூச்சுவிடாமல் வந்தது. பொன்னாடை போட்டார்கள். அவர் பெயரில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொடுத்த மனிதர், சாப்பிட்டுப் போனார். பலிபீடத்துக்குப் பத்தடி தூரத்தில் பொன்னாடை போடுகிற பழக்கம் எந்தக் கட்சி மேடையிலிருந்து நம் கோயிலுக்குள் வந்தது என்று தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

பிறகு பந்தி. தட்டி வைத்து மறைத்த இடத்தில் மேஜை, நாற்காலி, தலைவாழை இலை. அது விருந்தினருக்கும் கமிட்டிக்கும். மற்றவர்களுக்குத் தரையில் சணல் சாக்கு விரிப்பு. கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டு அடுப்படிப் பின்பக்கம் போனேன். மணி நாலரை. அண்டா கழுவ வந்த பெண்களோடு கோயில்குட்டியார் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு இருந்தது, குழம்பு இருந்தது. கறி தீர்ந்துவிட்டது. கத்தரிக்காய் கூட்டு சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். உட்காரும், உட்காரும் என்று சொல்லி உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது வேதத்தில் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொன்மோதிரக்காரனும் கந்தைத்துணிக்காரனும் ஒரே நேரத்தில் ஆலயத்துக்குள் வருகிறார்கள். அவனிடம், “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.” இவனிடம், “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு.” எத்தனையோ பிரசங்கம் இதன்மேல் கேட்டிருக்கிறோம். எல்லாம் ‘இடம்’ பற்றியவை. முன்வரிசை, பின்வரிசை. ஆனால் நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், இன்னொன்று இருக்கிறது. மூல கிரேக்கத்தில் அந்த இருவரையும் விளிக்கும் சொல் ஒன்றுதான். பணக்காரனுக்கு ஒன்று, ஏழைக்கு வேறொன்று என்று அந்த மொழியில் கிடையாது. நம் மொழியில் உண்டு. தமிழில் எழுதியவர்கள் ஒருவனுக்கு ‘ஐயா, நீர், உட்காரும்’ என்றும், மற்றவனுக்கு ‘நீ, நில்லு, உட்காரு’ என்றும் எழுதினார்கள். யோசித்து எழுதினார்களா, தமிழ்க் காது தானாக அப்படி எழுத வைத்ததா, தெரியாது. எப்படியானாலும் யாக்கோபு சொல்லாத ஒன்றைத் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டது. நாற்காலி கொடுப்பதற்கு முன்பே, வாயைத் திறந்த அந்த நொடியிலேயே, பட்சபாதம் முடிந்து போகிறது.

இந்த வசனத்தை 40 வருடம் வாசித்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் தன்மை முன்னிலை படர்க்கை எல்லாம் படித்து, பிள்ளைகளுக்கு ஒருமை பன்மை நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த அண்டா ஓரத்தில் நின்றபோதுதான் இது கண்ணில் பட்டது.

நான் பேசினபோது கமிட்டியில் ஒருவர் சொன்னார்: “நீ என்பது உரிமையில் சொல்வது சார்வாள். அம்மாவை நீ என்கிறோம். இயேசுவே சகேயுவை ‘நீ சீக்கிரமாய் இறங்கிவா’ என்றுதானே கூப்பிட்டார்?” கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஒத்துக்கொள்கிறேன், ‘நீ’யில் உரிமை உண்டு. என் மனைவி என்னை நீ என்றால் எனக்குக் கோபம் வராது (வேறு விஷயத்துக்கு வரும்). ஆனால் உரிமை என்றால் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். நாளைக்குக் கோயில்குட்டியார் வந்து, “ஏ செகரட்டரி, சாவியக் கொண்டா, நீ எங்க போன?” என்று கேட்கட்டும். அதை உரிமை என்று எடுத்துக்கொள்வீர்களானால் இந்த மடலை இந்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடலாம்.

வயதும் காரணமில்லை, வேலையும் காரணமில்லை. பலசரக்குக் கடையில் தராசு பிடிக்கிற 30 வயதுக்காரரைக் கூட நாம் ‘அண்ணாச்சி’ என்போம். திருநெல்வேலிச் சீமையில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. கரண்ட் கணக்கெடுக்க வருகிற பையன் ‘சார்’. பஸ் கண்டக்டர் ‘அண்ணாச்சி’. கோயிலைத் திறந்து மூடுகிறவர் மட்டும் ‘குட்டி’. என் சிறு வயதில் ‘கோயில்குட்டியார்’ என்று முழுசாகச் சொல்வார்கள். அந்த ‘ஆர்’ எப்போது உதிர்ந்தது? எனக்கு நினைவிருக்கிறது. முன்பு இருந்த மேலத்தெருத் தாத்தா இறந்து, கீழத்தெருவிலிருந்து இவர் வேலைக்கு வந்த வருடம். சுற்றி வளைப்பானேன், சாதிதான். மேலத்தெரு, கீழத்தெரு என்றால் என்னவென்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“சாதி பார்த்தால் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்போமா?” என்று அடுத்த கேள்வி வரும். எடுக்கிறோம், உண்மை. ஆனால் அது நாமாக விரும்பி எடுத்ததல்ல. கல்கத்தாவில் பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். சாதி வித்தியாசம் திட்டமாக, உடனே, முடிவாக விடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கோயிலில் தனித்தனியாக உட்காருவது, திருவிருந்துக்குச் சாதிவாரியாக முன்னும் பின்னும் வருவது, இவற்றையெல்லாம் நிறுத்தச் சொன்னார். என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கி நூற்றிருபது வருடத்துக்கு மேலான பிறகும், பக்கத்திலிருப்பவன் தொட்ட பாத்திரத்தைத் தொடுவதைவிடக் கிறிஸ்துவின் பந்தியை விட்டுவிடலாம் என்று நினைத்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். நாம் இன்று பெருமையாகக் காட்டுகிற அந்த ஒரே பாத்திரத்துக்குப் பின்னால் அவ்வளவு சண்டை இருக்கிறது. பாத்திரம் ஒன்றாகிவிட்டது. பந்தி இன்னும் ஆகவில்லை, பேச்சு இன்னும் ஆகவில்லை.

நம் சபையில் பாதிக் குடும்பங்களுக்குப் பூர்வீகம் தென் திருவிதாங்கூர். எங்கள் குடும்பத்துக்கும் அப்படித்தான். அங்கே நம் பாட்டிமாருக்கு மாரை மூட உரிமை கிடையாது. மூடியவர்களின் சேலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் எரிந்தன. 1859 ஜூலை 26-இல் அரசர் பிரகடனம் போடும்வரை அந்தப் போராட்டம் நடந்தது. அந்தப் பிரகடனம்கூட முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கியைப் போட்டுத்தான் அனுமதி தந்தது. தோள்சீலை என்று நாம் நூற்றாண்டு மலர்களில் அச்சடித்துக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அதே திருவிதாங்கூரில், நமக்கும் கீழே என்று வைக்கப்பட்டிருந்த பறையர், புலையர் மக்களின் வாயில் என்ன சொற்கள் திணிக்கப்பட்டிருந்தன என்பதை லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மட்டீர் எழுதி வைத்திருக்கிறார். ‘நான்’ என்று அவர்கள் சொல்லக் கூடாது; ‘அடியேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்பதைச் ‘சோறு’ என்று சொல்லக் கூடாது; ‘கரிக்காடி’, அதாவது அழுக்குக் கஞ்சி, என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக் கூடாது. குரங்குகள், கன்றுகள் என்று சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள். பசியோடு வந்த மனிதன் தன் தட்டில் இருப்பதைச் சோறு என்று சொன்னால் குற்றம். 1855-இல் சட்டப்படி அடிமைத்தனம் போன பிறகும் அந்தப் பேச்சு போக வெகுகாலம் ஆனது. நம் பாட்டிமாருக்குத் துணி, அவர்களுக்கு மொழி. நமக்கு நேர்ந்ததை மறக்காமல் மலர் போடுகிற நாம், அடுத்தவருக்கு நேர்ந்ததில் ஒரு துண்டை நம் வாயில் இன்னும் வைத்திருக்கிறோம்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நானும் அவரை முப்பது வருடமாக ‘நீ’ என்றுதான் பேசி வந்தேன். கூடையில் உட்கார்ந்திருந்தவரிடம் ‘உட்காரும்’ என்று வாய் தவறி வந்ததுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்னால், வேண்டுமென்றே போய்ப் பேசினேன். “அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?” என்றேன். நாக்கு கூசியது. 65 வயதில் ஒரு ‘ங்க’ சொல்ல இத்தனை கஷ்டம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அவர் கையில் வைத்திருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். முகம் வெளுத்துவிட்டது. “சார், நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?” என்று கேட்டார்.

அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முப்பது வருடம் நாம் எப்படிப் பேசியிருந்தால், ஒரு மனிதருக்கு மரியாதை கேலியாகவோ மிரட்டலாகவோ காதில் விழும்! மறுவாரமும் ‘அண்ணாச்சி’ என்றேன். அதற்கடுத்த வாரமும். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகுதான், “சாப்பிட்டாச்சு, நீங்க?” என்று கேட்டார். அதுவரை அவர் என்னிடம் எதையும் திருப்பிக் கேட்டதில்லை.

ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டான்: “மனசுல அன்பு இருந்தாப் போதாதா சார்? வார்த்தையில என்ன இருக்கு?” பவுல் ரோமருக்கு எழுதும்போது சகோதர சிநேகத்தைச் சொன்னதோடு நிறுத்தவில்லையே தம்பி. “கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்” என்று அதே வசனத்தில் தனியாகச் சொல்கிறார். அன்பு மனசுக்குள் இருந்துகொள்ளலாம். கனம் வெளியே வந்தாக வேண்டும், எதிரில் நிற்பவருக்கு அது தெரிய வேண்டும். பேதுரு இன்னும் ஒரு படி மேலே போகிறார். “எல்லாரையும் கனம்பண்ணுங்கள்” என்று ஆரம்பித்து, “ராஜாவைக் கனம்பண்ணுங்கள்” என்று முடிக்கிறார். ரோம அரசனுக்கும் தெருவில் போகிறவனுக்கும் ஒரே வினைச்சொல்.

அந்தச் சொல்லை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? பண்டிகை நோட்டீசை எடுத்துப் பாருங்கள். குருமாருக்குக் ‘கனம்’. பேராயருக்கு ‘மகா கனம்’. கமிட்டியாருக்குத் ‘திரு’, அதற்குப் பின்னால் பட்டப்படிப்பு. பாடகர் குழுவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் ‘செல்வி’ போட்டிருக்கிறது, சந்தோஷம். அடியில் ‘உதவி’ என்று ஒரு வரி. அதில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் இருக்கிறது, பந்தல்காரர் பெயர் இருக்கிறது. வருடம் முழுக்க, விடுப்பில்லாமல், மாதம் 4,500 ரூபாய்க்கு மணியடித்தவர் பெயர் இல்லை. எங்கேயும் இல்லை.

குருமாருக்குக் கொடுக்கிற கனத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குருவானவரை, நம் ஐயரை, கண்டால் எழுந்து நின்றுதான் எனக்கும் பழக்கம், அதை விடவும் மாட்டேன். ஆனால் கொரிந்தியருக்கு எழுதும்போது சரீரத்தின் அவயவங்களை வைத்துப் பவுல் ஒரு கணக்குச் சொல்கிறார்: கனவீனமாய்க் காணப்படுகிறவைகளுக்கே அதிக கனம். நம் கணக்கு தலைகீழாக ஓடுகிறது. இருக்கிறவர்மேல் இன்னும் ஒரு பொன்னாடை. இயேசு சீஷரின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூருகிற பெரிய வியாழன் ஆராதனையில் பாதம் கழுவ நாம் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுக்கிற விதத்தையும் நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த பாதங்கள். அந்தத் தாம்பாளத்தையும் துவாலையையும் கொண்டுவந்து வைத்து, சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போகிறவருடைய பாதம் ஒரு வருடமும் அந்த வரிசைக்கு வந்ததில்லை.

ஆகவே நான் கேட்கிறது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அடுத்த பண்டிகை நோட்டீசில் அவர் பெயர் ‘திரு’ போட்டு வரட்டும், கழுவித் துடைக்கிற அந்த இரண்டு சகோதரிகளின் பெயரும் ‘திருமதி’ போட்டு வரட்டும். அசனத்தில் தட்டியை எடுத்துவிடுங்கள். முதல் பந்தியில், காலையிலிருந்து வேலை செய்தவர்களை முதலில் உட்கார வையுங்கள். நாம் பரிமாறுவோம், நமக்கும் கை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அவருக்கு விடுப்பு வேண்டும். அந்த நாளில் மணியடிக்க வாலிபர் சங்கம் முறைவைத்துக்கொள்ளலாம். நாலரைக்கு எழுந்து பார்த்தால் தம்பிமாருக்கும் கொஞ்சம் விளங்கும். சம்பளம் பற்றி நிதிக்குழுவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். சுற்றுச்சுவருக்குக் கிடைத்த பணம் இதற்கும் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

கூப்பிடுகிற விஷயத்துக்கு மட்டும் தீர்மானம் எதுவும் போட வேண்டாம். தீர்மானம் போட்டால் மினிட்ஸ் புத்தகத்தில் ‘மரியாதையாக அழைக்கப்பட வேண்டும்’ என்று எழுதிவிட்டு, “ஏ குட்டி, அந்தப் புத்தகத்த உள்ள வை” என்போம். வீட்டுக்கு ஒருவராக, பிள்ளைகள் காதில் படும்படி, ‘அண்ணாச்சி’ என்றோ ‘தாத்தா’ என்றோ கூப்பிட ஆரம்பித்தால் போதும். மைக்கில் கூப்பிட்ட தம்பிமேல் எனக்கு வருத்தமில்லை. அவன் அதை நம்மிடம் கேட்டுத்தான் படித்தான், என்னையும் சேர்த்து.

இதை வெளியே விடுமுன் போன சனிக்கிழமை கோயில் திண்ணையில் வைத்து அவருக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். கறி தீர்ந்துபோன இடம் வந்தபோது சிரித்தார். பெயர் போட வேண்டாம், வேலைக்கு ஏதும் வந்துவிடப் போகிறது என்றார். போடவில்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“மணிக்கயிறு இத்துப் போச்சு சார். எப்ப அறும்னு தெரியல. புதுசு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி, அதையும் சேத்து எழுதிருங்க.”

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்